நுணுக்குக்காட்டியின் தீர்ப்பு

பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திற்கு, பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் இறந்த நாயின் தலை வந்து சேர்வதுண்டு. காண அருவருப்பான பொருள்தான். ஆயினும், கடியுண்ட குழந்தையின் பெற்றோர் அதன் முடிவுக்காக ஏங்கி நிற்பர்.

நாய்க்கு விசர் இருந்ததா என்பதை மூளையின் கலங்களே கூறும். 1903ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் நெக்ரி, விசர்கொண்ட விலங்குகளின் மூளைக் கலங்களுக்குள் சிறு உருண்டைகளைக் கண்டார். நுணுக்குக்காட்டியில் அவை தென்பட்டால் நோய் உறுதி. தென்படாவிடின் நோயில்லை எனலாமா? அதுதான் கூடாது. நோயுற்ற நாய்கள் பலவற்றில் அவை காணப்படுவதில்லை. ஆதலால், 1958இல் வகுக்கப்பட்ட ஒளிர்சாய முறையே இன்று பெரிதும் நம்பப்படுகிறது. சாயமேற்றிய எதிர்ப்பொருள் நோய்க்கிருமியைப் பற்றிக்கொள்ள, அவ்விடம் பச்சையாக ஒளிரும்.

வெப்பத்தில் அழுகிய மூளையோ இம்முறைகளுக்குச் சரிவர விடை தராது. பனிக்கட்டி அதற்காகவே.

வாசகர்களே! முடிவு வரும்வரை வாளாவிருத்தல் தகாது. கடிவாயைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள். நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தவர் மிக அரிது. கலங்களைப் படிக்கும் கண்கள் தம் கடமையைச் செய்யும். நம் கடமையை நாம் செய்வோம்.