ஆசுகர் வாயிலில் காவல் நிற்போர் யார்?

ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்கள் பிறந்ததும் திரைத்துறையாளரிடையே ஒரு காய்ச்சல் பரவுகின்றது. அமெரிக்காவின் ஆசுகர் பரிசுக்கு இந்தியாவிலிருந்து எப்படம் போகும், எப்படம் தள்ளுண்டது, போகும் படம் வெல்லுமா வீழுமா என்று செய்தித்தாள்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒருங்கே வழக்காடல் நடக்கின்றது. தள்ளுண்ட படத்திற்காகக் கண்ணீர் வடிப்பார் ஒருபுறம். தேர்வான படத்தைத் தலையில் தூக்கிச் சுமப்பார் மறுபுறம். மார்ச்சில் பரிசு அறிவிக்கப்பட்டதும் இருசாராரும் களைத்து உறங்கிவிடுவர். அடுத்த செப்டம்பரில் மீண்டும் விழிப்பர். இவ்வளவு ஆரவாரத்திற்கிடையே மிக அரிதாகவே எழும் வினா ஒன்றுண்டு. படத்தைப் பொறுக்கி வெளியே விடும் அவ்வாயிலில் காவல் நிற்பவர் யார்? எத்தனை மொழிகளுக்காக அவர் நிற்கின்றார்?

ஆசுகர் பரிசை வழங்கும் அமெரிக்கத் திரைப்படக் கலை அறிவியல் கழகம், ஆங்கிலமல்லாத மொழிப் படங்களுக்கெனத் தனிப்பரிசு ஒன்றை 1956-ஆம் ஆண்டுப் படங்கள் தொடங்கிப் போட்டிமுறையில் வழங்கி வருகின்றது. ஒரு நாட்டிற்கு ஒரு படம் என்பது அப்பிரிவின் ஒழுங்கு. 2025-இல் இந்தியாவிலிருந்து படம் விடுக்கப்பட்டபோதும் அவ்வொழுங்கே நடந்தது. அந்த ஒற்றைப் படத்தைத் தேரும் உரிமை இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் கையில் கிடக்கின்றது. 1951-இல் தோன்றிய இக்கூட்டமைப்பு மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமன்று. படம் எடுப்போர், வாங்கி விற்போர், கொட்டகை நடத்துவோர் ஆகிய தொழில்துறையார் அமைப்புகளின் கூட்டு. அஃது அமர்த்தும் குழுவொன்று சில நாள்கள் கூடிப் படம் பார்த்து, ஒன்றைச் சுட்டிக் கைகாட்டும். தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் வங்கமும் மராத்தியும் அசாமியமும் இந்தியும் அந்த ஒற்றைத் திட்டிவாயிலிலேயே முட்டிமோதி நுழைந்தாக வேண்டும்.

2024-இல் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். பாயல் கபாடியா என்னும் பெண் இயக்குநர் எடுத்த 'ஆல் வி இமேசின் ஆசு இலைட்டு' என்னும் படம் அவ்வாண்டு மே திங்களில் கான் திரைப்பட விழாவின் இரண்டாம் உயர்பரிசாகிய 'கிராண்டு பிரி'யைப் பெற்றது. முப்பதாண்டு இடைவெளிக்குப் பின் அவ்விழாவின் முதன்மைப் போட்டியில் இடம்பெற்ற இந்தியப் படம் அஃது. பெயர்தான் ஆங்கிலம், மும்பையில் செவிலியராய்ப் பிழைக்கும் கேரளப் பெண்கள் அதில் பெரும்பாலும் மலையாளத்திலேயே பேசுகின்றனர். ஆசுகர் பட்டியலில் இடம் உறுதி என்று உலகத் திரையறிஞர் பலரும் கருதிய அப்படத்தைக் கூட்டமைப்பின் பதின்மூவர் குழு தள்ளிவிட்டது. தள்ளியதற்குக் கூட்டமைப்பின் சார்பில் வெளிவந்த விளக்கம், இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படத்தைப் பார்ப்பது போலிருந்தது என்பது! குழுவில் ஒருவரும் பெண்ணல்லர் என்பது தனிச்சிறப்பு. மலையாளம் பேசும் செவிலியரின் துயரம் எந்தக் கணக்கில் ஐரோப்பியமாயிற்று என்பதை அப்பதின்மரும் மூவரும்தாம் விளக்க வேண்டும்.

மாற்றாகப் போனது 'இலாபத்தா இலேடீசு' என்னும் இந்திப்படம். அது பதினைந்து படங்கள் கொண்ட முதற்பட்டியலிலேயே இடம்பெறவில்லை. அதே பட்டியலில் 'சந்தோசு' என்னும் வேறோர் இந்திப்படம் இடம்பெற்றது. அதனை விடுத்த நாடு இந்தியாவன்று, பிரிட்டன். படம் அனுப்பும் நாட்டின் மொழியிலேயே அப்படம் அமைந்திருக்க வேண்டும் என்னும் கட்டினைக் கழகம் 2006-இல் நீக்கிவிட்டமையால் பிரிட்டன் இந்திப்படத்தை விடுக்க முடிந்தது. இந்தியாவிலோ அப்'சந்தோசு' 2025-இல் தணிக்கையாளரால் தடுக்கப்பட்டுத் திரைக்கே வரவில்லை.

2022-இன் கதை இன்னும் தெளிவானது. அவ்வாண்டு 'ஆர்.ஆர்.ஆர்.' என்னும் தெலுங்குப்படம் போகும் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, கூட்டமைப்பு 'செல்லோ சோ' என்னும் குசராத்திப் படத்தை விடுத்தது. அப்படம் பதினைந்தனுள் ஒன்றாகி, ஐந்தனுள் ஒன்றாகாமல் நின்றது. ஆனால் 2023 மார்ச் 12 இரவில், ஆசுகர் மேடையில் தெலுங்கு ஒலித்தது, தமிழும் வென்றது. 'நாட்டு நாட்டு' என்னும் தெலுங்குப் பாடல் சிறந்த பாடலுக்கான பரிசைப் பெற்றது. முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாமில், தாயிழந்த யானைக் கன்றுகளைத் தம் பிள்ளைகளாய் வளர்த்த காட்டுநாயக்கர் குடி இணையரின் வாழ்வைத் தமிழிலேயே காட்டிய 'தி எலிபண்டு விசுபரர்சு' என்னும் குறும்படம் சிறந்த ஆவணக் குறும்படத்திற்கான பரிசைப் பெற்றது. இவ்விரு பிரிவுகளிலும் நாட்டின் பெயரால் படம் தேர்ந்தனுப்பும் குழு கிடையாது. படைத்தவர் தாமே விடுக்கலாம், தகுதியுடையது வெல்லலாம். காவலர் இல்லாத வாயிலில் தெலுங்கும் தமிழும் ஒரே இரவில் தலைநிமிர்ந்து நுழைந்தன. காவலர் நின்ற வாயிலில் எதுவும் நுழையவில்லை.

தமிழ்ப்படங்களும் போயினவன்றோ என்பார் உளர். போயின. 1969-இல் 'தெய்வ மகன்' போயிற்று; தென்னாட்டு மொழிகளிலிருந்து முதன்முதல் சென்ற படம் அது. சிவாசி கணேசன் மூன்று வேடங்களில் நடித்த படம். பின்னர்ப் பதினெட்டாண்டுகள் கழித்து 1987-இல் 'நாயகன்'; தொடர்ந்து 'அஞ்சலி', 'தேவர் மகன்', 'குருதிப்புனல்', 'இந்தியன்', 'சீன்சு'; 2016-இல் வெற்றிமாறனின் 'விசாரணை', 2021-இல் வினோத்துராசின் 'கூழாங்கல்'. இவற்றுள் சில உலகின் எந்த அவையிலும் நிற்கத்தக்கவை. 'கூழாங்கல்' இராட்டர்டாம் விழாவில் முதற்பரிசாகிய புலிப்பரிசை வென்ற பின்னரே போயிற்று. ஆயினும் தமிழின் முறை எப்போது வரும் என்பது தமிழர் கையில் இல்லை. தமிழ்ப்படம் ஒன்று போகும் ஆண்டில் மலையாளம் வெளியே நிற்கும். குசராத்தி போகும் ஆண்டில் தெலுங்கு வெளியே நிற்கும். உடன்பிறந்த மொழிகளை ஒன்றன் தலைமேல் ஒன்றை ஏறி மிதிக்கச் செய்து வேடிக்கை பார்க்கும் ஏற்பாட்டிற்கு ஒற்றுமை என்று பெயர். இத்தனை ஆண்டுகளில் இறுதிப் பட்டியலில் ஏறிய இந்தியப் படங்கள் மூன்றே: 'மதர் இந்தியா' (1957), 'சலாம் பாம்பே' (1988), 'இலகான்' (2001). மூன்றும் இந்தி. வங்கத்தின் பெருங்கலைஞர் சத்தியசித் ராயின் படங்கள் சில விடுக்கப்பட்டும் ஒன்றேனும் அப்பட்டியலில் ஏறவில்லை; 1992-இல், அவர் நோய்ப்படுக்கையில் கிடந்தபோது, வாழ்நாள் பணிக்கான சிறப்புப் பரிசை அவர் கையில் கொண்டுவந்து கொடுத்தனர்.

நாடு ஒன்று, ஆதலால் படமும் ஒன்று என்பது இயற்கையன்று, ஏற்பாடு. ஏற்பாட்டை அமெரிக்கக் கழகமே வேண்டியபோது தளர்த்தியிருக்கின்றது. 1997 முதல் சீனத்தின் ஒரு பகுதியாகிவிட்ட ஆங்காங்கு, அதன் பின்னும் தன் படத்தைத் தன் பெயரால் விடுத்து வந்திருக்கின்றது. தேனிசு அரசின்கீழ் உள்ள கிரீன்லாந்து 2010-இலும் 2012-இலும் தன் பெயராலேயே படம் விடுத்தது. அறுபதாயிரம் பேர்கூட இல்லாத மக்கள் அவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 6.9 கோடி.

வேல்சு மொழிக்கு வாய்த்தது வேறொரு வேடிக்கை. ஆங்கிலம் இப்பிரிவில் நுழையலாகாது என்பதால், பிரிட்டன் தன் தீவில் வாழும் பிறமொழியைத் தேட வேண்டியதாயிற்று. 'எத்து வின்' என்னும் வேல்சுப் படம் 1994-இல் இறுதிப் பட்டியலில் ஏறியது; 2000-இல் 'சாலமன் அண்டு கேனர்' ஏறியது. ஆதிக்கமொழிக்குக் கதவு அடைக்கப்பட்டபோதுதான் அடங்கிக் கிடந்த மொழிக்கு இருக்கை கிடைத்தது. இந்திக்கு அப்படி எக்கதவும் அடைக்கப்படவில்லை.

தமிழுக்கும் ஒருமுறை முறையான இருக்கை கிடைத்ததுண்டு. கொடுத்தது சிங்கப்பூர். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. எரிக்கு கூ என்னும் சீன இனத்து இயக்குநர் தமிழில் எடுத்த 'மை மேசிக்கு' 2008-இல் கான் விழாவின் போட்டியில் நின்றது. அவ்வாண்டே சிங்கப்பூர் அதனைத் தன் படமாக ஆசுகருக்கு விடுத்தது. எவரும் தேசிய ஒருமைப்பாடு குலைந்துவிட்டதென்று அலறவில்லை.

பிற நாடுகளின் கையில் தமிழ் பட்ட பாடும் கணக்கில் வர வேண்டும். 2015-இல் ஈழ எழுத்தாளர் சோபாசக்தி முதன்மை வேடமேற்ற 'தீபன்' கான் விழாவின் உச்சப் பரிசாகிய தங்கப்பனையை வென்றது; உரையாடலில் மிகுதி தமிழ். ஆயின் பிரான்சு அவ்வாண்டு ஆசுகருக்கு விடுத்தது 'மசுடாங்கு' என்னும் துருக்கிமொழிப் படத்தை. 2020-இல் கனடா 'பன்னி பாய்' என்னும் படத்தை விடுத்தது. 1983 சூலை இனப்படுகொலையைப் பின்புலமாகக் கொண்ட சியாம் செல்வதுரையின் புதினம் அதற்கு மூலம். பாதிக்கும் மேல் ஆங்கிலம் என்று கழகம் அதனைத் திருப்பிவிட்டது. அதற்கு முன்பே புலம்பெயர் ஈழத்தமிழர் கொதித்திருந்தனர்: முதன்மை வேடங்கள் பலவற்றில் தமிழரல்லாதார் நடித்தனர், அவர்தம் வாயில் தமிழ் சிதைந்தது. தமிழரின் குருதிக்கதையை ஆங்கிலத்தில் பேசி, எஞ்சியதைச் சிதைந்த தமிழில் பேசிய படம் தமிழுக்குச் சார்பாளராக முடியாது.

அதற்கு முந்தைய ஆண்டு நைசீரியாவின் 'இலயன்ஆர்ட்டு' என்னும் படம் அதே கரணியத்தால் நீக்கப்பட்டபோது பெருங்கூச்சல் எழுந்தது. ஆங்கிலம் அந்நாட்டின் ஆட்சிமொழி. வெள்ளையன் திணித்த மொழியைப் பேசியதற்காக வெள்ளையனின் கழகமே தண்டிப்பதா என்று கேட்டனர். கேள்வி முறையானதே. ஆயின் ஒன்றரை மணிநேரப் படத்தில் இக்போ மொழிக்கு ஒதுக்கப்பட்டது பதினொரு மணித்துளிகள் என்பதையும் எண்ண வேண்டும். அந்தப் பதினொன்றைக் கழகம் குறைக்கவில்லை, படமெடுத்தவரே குறைத்தனர்.

இந்நோய் தமிழ்நாட்டிற்கும் உண்டு. 1998-இல் தமிழுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பில், உலகின் முன் தமிழ்ப்படமாய்ப் போய் நின்றது ஒரு காற்சட்டையின் ஆங்கிலப் பெயர்! 2023-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படமென்று நடுவணரசு பரிசளித்த படத்தின் பெயர் 'பார்க்கிங்கு'. தமிழில் பெயரிட்டால் கேளிக்கை வரியில்லை என்று 2006-இல் தமிழ்நாட்டரசு சலுகை தந்த பின்னரே பல படங்களுக்குத் தமிழ்ப்பெயர் வாய்த்தது. தாய்மொழியில் பெயர் வைக்கவும் கையூட்டு வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டரசின் திரைப்பரிசுகளின் நிலையோ நாணத்தக்கது. 2009 முதல் 2014 வரை ஆறாண்டுப் பரிசுகள் 2017 சூலையில் ஒரே மூட்டையாக அறிவிக்கப்பட்டன. உரியவர் கைக்கு வந்தவை 2022 செப்டம்பரில். பதின்மூன்றாண்டு பழைய பாராட்டை வைத்துக்கொண்டு எந்தக் கலைஞன் என்ன செய்வான்? தன் மொழியின் சிறந்த படம் எதுவென்று உரிய ஆண்டிலேயே உரைக்க இயலாத அரசு, கூட்டமைப்பின் தேர்வைக் குறைகூறும் தகுதியை இழந்துவிடுகின்றது.

ஆதலின் செய்யத்தக்கது, தள்ளுண்ட படத்திற்காக அழுவதன்று. எழுத்தாளரும் இயக்குநரும் மொழியறிஞரும் அடங்கிய குழுவொன்றைத் தமிழ்நாட்டரசு அமர்த்தட்டும். பெண்டிர்க்கும் அதில் இடம் வேண்டும். ஆண்டுதோறும் ஆகத்துத் திங்களுக்குள் அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படம் ஒன்றை அக்குழு தேரட்டும். ஈழத்திலும் சிங்கையிலும் மலேசியாவிலும் எடுக்கப்படும் தமிழ்ப்படங்களும் அதன் பார்வைக்கு வரட்டும். தேர்ந்த படத்தைக் கூட்டமைப்பின் வழியாகவன்றித் தமிழ்ப்படம் என்னும் பெயராலேயே அமெரிக்கக் கழகத்திற்கு விடுத்து, ஏற்பா மறுப்பா என்பதை எழுத்திலே கேட்கட்டும். மறுத்தால் மறுத்த மடலை வெளியிடட்டும். கிரீன்லாந்தார் தம் படத்தைத் தம் பெயரால் 2010-இல் விடுத்தனர். கழகம் அதனை ஏற்றுக்கொண்டது.