அறிமுகம் என்ற சொல் பூனைக்குப் பொருந்துமா?

ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு அறையைக் காலி செய்யும் பருவம் வந்துவிட்டால், பல்கலைக்கழகங்களைச் சுற்றியுள்ள வாடகைக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே சாயலுள்ள அறிவிப்புகள் வரத் தொடங்கும். நான்கு வயதுப் பெட்டைப் பூனை, கருத்தடை செய்யப்பட்டது, தடுப்பூசிகள் போடப்பட்டவை, சாதுவானது, இம்மாத இறுதிக்குள் வீடு தேவை. தில்லியின் முனிர்க்காவானாலும் கட்வாரியா சராயானாலும் ஐதராபாத்தின் கச்சிபௌலியானாலும் அறிவிப்பின் வாசகம் பெரிதும் மாறுவதில்லை. இதன் பின்னால் ஓர் எளிய கணக்குப் பிழை இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது மூன்று, கூடியது ஆறு ஆண்டுகள் என்கின்றன. வீட்டுக்குள் நன்கு பேணப்படும் பூனை பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வரை வாழும். அதற்கு மேலும் வாழ்வதுண்டு. முதலாண்டில் தெருவோரத்திலிருந்து எடுத்துவந்த குட்டி, வாய்மொழித் தேர்வு முடியும்போது தன் ஆயுளின் பாதியைக்கூடக் கடந்திருக்காது.

அந்தப் பூனையை ஏற்பவர்கள் யார்? பூனையே இல்லாத வீட்டார் பெரும்பாலும் குட்டியைத்தான் கேட்கிறார்கள். வளர்ந்ததை ஏற்க முன்வருவோர், ஏற்கெனவே ஒன்றோ இரண்டோ பூனைகள் வைத்திருப்பவர்களே. ஆகவே, பிற பூனைகள் உள்ள வீட்டுக்குள் வளர்ந்த பூனையொன்றைக் கொண்டுவருவது எப்படி என்பது ஆய்வாளர் சமூகத்துக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்குக் கேள்வியன்று. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த விலங்கு தெருவில் விடப்படுமா, படாதா என்பது இதற்கான விடையைப் பொறுத்தது.

இவ்விடயத்தில் இரண்டு கருத்துகள் உலவுகின்றன. வளர்ந்த பூனை புதிய வீட்டில் பழகவே பழகாது என்பது ஒன்று. ஓர் அறையில் சேர்த்து அடைத்துவிட்டால் இரண்டு நாள் சண்டையிட்டுத் தாமே அடங்கிவிடும் என்பது மற்றொன்று. முன்னது பூனையைப் பற்றிய அவநம்பிக்கை. பின்னது மனிதரின் சோம்பல். இரண்டாவது கருத்தே அதிகத் தீங்கு விளைவிக்கிறது. ஏனெனில் அவ்வாறு அடைக்கப்பட்ட பூனைகளின் நடத்தைதான் பிறகு முதல் கருத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

குட்டியின் மீதான மோகத்துக்கு மொழியிலும் ஒரு தடயம் உண்டு. தொல்காப்பிய மரபியல், வெருகு உள்ளிட்ட சில விலங்குகளின் இளமைக்குக் ‘குட்டி’, ‘பறழ்’ என்ற பெயர்களை வகுத்திருக்கிறது. வளர்ந்த நிலையைப் பிரித்துச் சுட்ட இன்றைய வழக்கில் தனிச்சொல் இல்லை. ‘பூனை’ என்றாலே போதும். ‘வளர்ந்த பூனை’ என்று அடைகொடுத்துச் சொல்ல நேரும்போதே அதில் ஏதோ குறை இருப்பதுபோன்ற தொனி ஏறிவிடுகிறது. உண்மையில் வளர்ந்த பூனையின் இயல்பு தெரிந்த ஒன்று. அது மடியில் அமருமா, பிற பூனைகளோடு இருந்து பழகியதா, இரவில் கத்துமா என்பவற்றைக் கொடுப்பவரிடம் கேட்டறியலாம். குட்டியிடம் இவை யாவும் ஊகமே. குட்டிகளை வீட்டுப் பூனைகள் ஓரளவு எளிதாகச் சகித்துக்கொள்கின்றன என்பது மெய்தான். ஆயினும் பத்து வயதுப் பூனையின் வாலை நாள்முழுதும் துரத்தும் குட்டி, அம்முதுபூனைக்கு வாய்த்த நல்ல துணையா என்று எவரும் கேட்பதில்லை.

இனி, பூனைகள் ஏன் புதிய பூனையை வெறுக்கின்றன? மேற்காசிய, வட ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையான ஃபீலிஸ் லிபிக்காவிலிருந்து வீட்டுப்பூனை வந்தது என்பதை 2007இல் வெளியான மரபணு ஆய்வு நிறுவியது. அம்மூதாதை தனித்து வேட்டையாடும் விலங்கு. எலியும் பல்லியும் ஒரு வயிற்றுக்கான இரை. பங்கிட்டு உண்ணும் தேவை எழவில்லை. உணவு ஓரிடத்தில் மிகுதியாகக் கிடைக்கும் மீன்சந்தைகளிலும் துறைமுகங்களிலும் பூனைகள் கூட்டமாக வாழ்வதுண்டு. அக்கூட்டங்களின் கருவோ பெரும்பாலும் தாய், மகள், சகோதரி என உறவுடைய பெட்டைகள். அயல்பூனை எளிதில் அனுமதிக்கப்படுவதில்லை. எனவே பூனைக்குச் சமூக வாழ்வு இயலாது என்று சொல்வது தவறு. அதன் சமூகம் மெல்லத் திறக்கும் கதவுடையது. நாய்களிடம் எதிர்பார்ப்பதை அதனிடம் எதிர்பார்ப்பதே தொல்லையின் தொடக்கம்.

‘அறிமுகம்’ என்ற சொல்லை இங்கே சற்று நிறுத்திப் பார்க்கலாம். அறிதலையும் முகத்தையும் சேர்த்த தொகை அது. மனிதர் ஒருவரையொருவர் முகத்தால் அறிகிறார்கள்; ஆதலால் புதிய பூனையைக் கையில் ஏந்தி, பழைய பூனையின் முகத்துக்கு நேரே நீட்டுவதை அறிமுகம் என்று கருதுகிறார்கள். பூனை தன்னவரை முதன்மையாக மணத்தால் அறிகிறது. கன்னத்திலும் நெற்றியிலும் வாலடியிலும் உள்ள சுரப்பிகளால் அது கதவு நிலையையும் நாற்காலிக் காலையும் மனிதக் கணுக்காலையும் உரசி அடையாளமிடுகிறது. சேர்ந்து வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசி, நக்கி, ஒரு பொது மணத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. அதுவே அவ்வீட்டின் குடியுரிமைச் சான்று. ஐந்தாண்டுகள் ஒன்றாக உறங்கிய இரு பூனைகளில் ஒன்று மருத்துவமனைக்குச் சென்று திரும்பியதும் மற்றது அதைப் பார்த்துச் சீறுவதைப் பல வீடுகளில் காணலாம். முகம் அதே முகந்தான், மணம் மாறிவிட்டது. நெடுநாள் தோழமைக்கே இந்த நிலை என்றால், பேருந்து வாடையும் வேறொரு வீட்டு வாடையும் அச்சத்தின் வாடையும் வீசும் அயல்பூனையை முகத்துக்கு நேரே நீட்டினால் என்ன நிகழும்?

எனவே முதல் இரண்டு வாரங்கள் புதிய பூனை தனியறையில், மூடிய கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். நோய்த்தடுப்பு நோக்கிலும் இது கட்டாயம். பான்லூகோபீனியா வைரசு தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கவல்லது. வெள்ளணுப் புற்று வைரசு உமிழ்நீர் வழியாக, நக்குவதாலும் உணவுத் தட்டைப் பகிர்வதாலும் பரவும். பூனைகளின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் எஃப்.ஐ.வி. பெரும்பாலும் ஆழ்ந்த கடியால் தொற்றும். இரத்தப் பரிசோதனை முடியும்வரை கதவு திறக்கலாகாது. அந்த நாட்களில் மணம் மட்டும் கதவைக் கடக்கட்டும். ஒரு துணியால் புதியதன் கன்னத்தைத் துடைத்துப் பழையவற்றின் உணவுத் தட்டருகே வைப்பதும், பழையவற்றின் துணியை உள்ளே வைப்பதும் முதற்படி. கதவின் இருபுறமும் சற்றுத் தள்ளி உணவு வைத்து, நாளுக்கு நாள் கதவை நோக்கி நகர்த்துவது அடுத்தது. பிறகு அறைகளை மாற்றிவிட வேண்டும்: பழையவை தனியறையில் சிறிது நேரம், புதியது வீட்டில் சிறிது நேரம், ஒன்றையொன்று காணாமலேயே. வலைக்கதவு வழியாகப் பார்த்துக்கொள்வதும், அதன் பிறகு சில நிமிடங்கள் ஒரே அறையில் விளையாடுவதும் கடைசியில்தான் வர வேண்டும். சில பூனைகளுக்கு மூன்று வாரம் போதும். சிலவற்றுக்கு ஆறு மாதமும் ஆகும். சீறினால் ஒரு படி பின்னே செல்வது தோல்வியாகாது.

சீறலைக் கண்டு அஞ்சுபவர்கள் அமைதியைக் கண்டு ஏமாறுகிறார்கள். நடைவழியின் நடுவே ஒரு பூனை சும்மா படுத்திருக்கும். மற்றது சுவரோரம் பதுங்கி நின்று, மணல் தட்டுக்குப் போக வழியின்றித் திரும்பிவிடும். உறுமல் இல்லை, நகம் இல்லை. ஆனால் அது முற்றுகை. சில நாட்களில் மெத்தையின் மீது சிறுநீர் கழிக்கப்பட்டிருக்கும். அந்தப் பூனைக்குக் ‘கெட்ட பழக்கம்’ என்று பெயர் வந்துவிடும். மணல் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு மூலைகளில் இருக்க வேண்டும் என்ற பொதுவிதி இதற்காகத்தான். மூன்று தட்டுகளை ஒரே மூலையில் வரிசையாக வைத்தால், பூனையின் கணக்கில் அது ஒரே தட்டு. கடுவன் சிறுநீர் கழிக்க முக்கித் தவித்தாலும், எந்தப் பூனையாயினும் இரண்டு நாள் உணவைத் தொடாவிட்டாலும், காத்திருத்தல் கூடாது. முதலாவது சில மணி நேரத்துக்குள் உயிருக்கு ஆபத்தாகலாம், இரண்டாவது கல்லீரலைக் கெடுக்கும். சண்டையைக் கையால் விலக்கவும் கூடாது. இடையே தலையணையோ அட்டையோ நுழைப்பதே முறை. கடிபட்டால் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசி குறித்து அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

இவ்வளவையும் வழிகாட்டி நூல்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. அவை எழுதப்பட்ட வீடுகளில் விருந்தினர் அறை இருக்கிறது. தில்லியில் மொட்டைமாடி ‘பர்சாத்தி’யில் ஒற்றை அறையும் குளியலறையுமாக வாழும் ஆய்வாளரிடம் ‘தனியறை’ என்பது குளியலறையைத்தான் குறிக்கும். மே மாத வெயிலில் கூலரின் காற்று எட்டாத தகரக் கதவுக் குளியலறையில் பதினைந்து நாள் பூனையை அடைத்துவைப்பதைத் தனிமைப்படுத்தல் என்று சொல்ல இயலாது, அது தண்டனை. ஒற்றை அறையில் இரண்டு பூனைகளோடு இருப்பவர் மூன்றாவதை மறுத்தால் அவரைக் கல்நெஞ்சர் என்று குழுவில் ஏசுவது அநியாயம். அவர் மறுப்பதே அம்மூன்று பூனைகளுக்கும் நல்லது. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை பெற்றவருக்கு மாதம் 37,000 ரூபாய்; அது கிடைக்காத மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு 8,000 ரூபாய். இரக்கத்தின் செலவு இருவருக்கும் ஒன்றே.

பெயர் பற்றியும் ஒரு சொல். வீட்டுப் பூனைகள் தம் பெயரைப் பிற சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்பதை அட்சுகோ சாய்ட்டோவும் குழுவினரும் 2019இல் காட்டினர். 2022இல் வெளியான மற்றொரு ஜப்பானிய ஆய்வு இன்னும் சுவையானது. உடன் வாழும் பூனையின் பெயரை ஒலித்துவிட்டுத் திரையில் வேறொரு பூனையின் முகத்தைக் காட்டியபோது, வீட்டுப் பூனைகள் அதைக் கூடுதல் நேரம் பார்த்தன. பூனைக் காப்பிக்கடைகளில் வாழ்பவை அவ்வாறு செய்யவில்லை. முகத்தைப் பற்றி மேலே சொன்னதற்கு இது சிறு திருத்தம் என்று கொள்ளலாம்: மணத்தால் உறுதிப்பட்ட உறவின் மேல் முகமும் பெயரும் பிறகு வந்து ஏறுகின்றன. எனவே, வந்த பூனையின் பழைய பெயர் இந்தியோ வங்கமோ மலையாளமோ, ஏற்பவரின் செவிக்கு எவ்வளவு அந்நியமாக இருந்தாலும், அதை மாற்றாமல் விடுவது நல்லது. புதிய வீட்டில் அதற்குத் தெரிந்த ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும்.

தோல்வியும் உண்டு. மாதக்கணக்கில் முயன்றும் ஒன்றையொன்று வேட்டையாடும் பூனைகள் இருக்கின்றன. அவற்றை ஒரே வீட்டில் வைத்திருப்பது பிடிவாதம். அதே சமயம், ஒன்றையொன்று நக்கிக்கொண்டு உறங்கும் ஒளிப்படத்தை மட்டுமே வெற்றியென்று கருதுவதும் பொருந்தாது. ஒன்று அலமாரியின் மேலும் மற்றது சன்னலோரமும் அமர்ந்து, ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தால் அதுவே கண்ணியமான குடித்தனம். மனிதக் குடும்பங்கள் பலவற்றில் இதைவிட அதிகம் நடப்பதில்லை.

இந்த விவாதங்களில் ஏற்பவரின் கடமைகளே பட்டியலிடப்படுகின்றன. கொடுப்பவரைப் பற்றிப் பேச்சில்லை. மாத இறுதியில் தொடர்வண்டிக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டு, அதற்கு நான்கு நாள் முன்பு பூனையை ஒப்படைப்பவர், மேற்சொன்ன படிநிலைகள் யாவற்றையும் ஏற்பவரின் தலையில் சுமத்திவிட்டு நீங்குகிறார். ஒப்படைத்தல் ஒரு நாள் நிகழ்ச்சியன்று. குறைந்தது இரண்டு மாதக் காலம். சமர்ப்பிப்புக்கு முந்தைய கருத்தரங்கு குறிக்கப்படும்போதே வீடு தேடத் தொடங்கினால் அக்காலம் கிடைக்கும். பரிசோதனைச் செலவும் முதல் இரண்டு மாத உணவுச் செலவும் கொடுப்பவருடையவை. பழகாவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு ஊரில் யாரேனும் ஒருவர் பொறுப்பேற்றிருக்க வேண்டும். இந்த நிபந்தனையின்றி வளர்ந்த பூனையை ஏற்க மறுப்பது ஏற்பவரின் உரிமை. குழுக்களில் இதையே வழக்கமாக்கினால் கடைசி வார அறிவிப்புகள் பாதியாகக் குறையும்.

கூடவே அனுப்ப வேண்டியவை சில உண்டு: தடுப்பூசி ஏடு, வழக்கமான உணவில் ஒரு பொட்டலம், பழகிய மணலில் கொஞ்சம், அது உறங்கிய போர்வை. விடைபெறும் மரியாதையில் பலர் அந்தப் போர்வையைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். துவைக்காமல் கொடுக்க வேண்டும்.