வாய்ச் சிலம்பம்

நம் ஊரில் சண்டை போடத் தெரியாத ஆண்பிள்ளையே கிடையாது. எந்த டீக்கடையிலும் விசாரித்துப் பாருங்கள். 'அன்னிக்கு மட்டும் எங்க அண்ணன் குறுக்க வரலன்னா, அவன...' என்று பாதியில் நிறுத்தி ஒரு வாய் டீ குடிப்பார்கள். அண்ணன்கள் கரெக்டாகக் குறுக்கே வந்துவிடுவார்கள். இந்த உதாரால் யாருக்கும் நஷ்டமில்லை, டீக்காசு தவிர.

நான் சொல்ல வந்தது அடுத்த ரகம். கறுப்பு உடை, கறுப்பு பெல்ட். பின்னால் புதுச்சேரி கடற்கரைச் சாலை, அதிகாலை வெளிச்சம், முடிந்தால் காந்தி சிலை. முன்னால் ஒரு செல்போன். மாஸ்டர் ஆரம்பிப்பார்: 'பாக்ஸிங், கராத்தே எல்லாம் வெளையாட்டுங்க. எங்களுது கொலைக்கலை. இருபது பேர் வந்தாலும் இருபது செகண்ட். இந்த எடத்துல லேசா ஒரு தட்டு, ஆறு மாசத்துல ஆள் காலி!'

ஆறு மாசம் கழித்து ஆள் காலியானால் அது வர்மமா, தினமும் ராத்திரி தின்ற புரோட்டாவா என்று எந்த டாக்டர் சொல்வார்? அதுதான் சூட்சுமம். நிரூபிக்கவும் முடியாது, பொய் என்று காட்டவும் முடியாது.

ஆபீஸில் நம் இளைஞர்கள் கேட்கிறார்கள்: 'சார், இவங்கள்ல யாரு நெஜம், யாரு டூப்? மாசச் சம்பளத்துல ஃபீஸ் கட்டணும். தங்கச்சியையும் சேர்க்கலாம்னு இருக்கேன்.' நியாயமான கேள்வி. கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். பணம் போனால் போகட்டும். தங்கை ஒரு நாள் இருட்டுத் தெருவில் அந்தப் பாடத்தை நம்பி நிற்கப் போகிறாள்.

* * *

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தைக் களைந்துவிடுவோம். வாய் பெரிதாக இருந்தால் ஆள் போலி என்று அர்த்தமில்லை. உலகத்திலேயே பெரிய வாய் முகமது அலியுடையது. 1962-ல் ஆர்ச்சி மூரை நாலாவது ரவுண்டில் சாய்ப்பேன் என்றார், சாய்த்தார். 1963-ல் ஹென்றி கூப்பருக்கு ஐந்தாவது ரவுண்டு என்றார், அப்படியே முடிந்தது. அதே வருஷம் டக் ஜோன்ஸையும் சீக்கிரமே முடிப்பேன் என்று அளந்தார். சண்டை பத்து ரவுண்டும் ஓடியது. பாயின்ட்டில்தான் ஜெயித்தார். அரங்கமே 'பூ' போட்டது.

கவனித்தீர்களா? ஆள் யார், தேதி என்ன, எத்தனையாவது ரவுண்டு என்று எல்லாம் சொல்லிவிட்டார். சொன்னது நடக்காவிட்டால் மறுநாள் பேப்பரில் மானம் போகும். இது உரசிப் பார்க்கக்கூடிய உதார். நம்ம மாஸ்டர்களின் உதாரில் தேதியும் இருக்காது, ஆளும் இருக்காது. அடி வாங்கியவர்கள் எல்லாருமே பெயர் தெரியாத 'ஒரு ரவுடி'.

* * *

ஜப்பானில் யானகி ரியூகென் என்று ஒரு பெரியவர். கையை அசைப்பார். பத்தடி தூரத்தில் நிற்கும் சிஷ்யர்கள் கொத்துக் கொத்தாக விழுவார்கள். நம் ஊர் சினிமாவில் கயிறு கட்டி இழுப்பார்களே, அந்த மாதிரி. ஆனால் கயிறு கிடையாது. பெரியவருக்குத் தன் சக்தி மேல் பரிபூரண நம்பிக்கை. 2006-ல் வெளியாள் ஒருவரோடு பந்தயம் கட்டி மோதினார். வந்தவர் ஒரு நிஜ சண்டைக்காரர். பெரியவர் கையை அசைத்தார். வந்தவர் விழவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. மூக்கில் ரத்தம், சில விநாடிகளில் ஆட்டம் குளோஸ்.

சிஷ்யர்கள் ஏன் விழுந்தார்கள்? காசு வாங்கிக்கொண்டா? இல்லை. முதல் சிஷ்யன் மரியாதைக்கு விழுகிறான். இரண்டாமவன், 'அவன் விழுந்தானே, நமக்கு மட்டும் ஏதும் தெரியலையே, நம்மகிட்டதான் கோளாறு' என்று விழுகிறான். மூன்றாமவனுக்கு விழுவதே பாடத்திட்டம். இருபது வருஷம் இப்படி எல்லாரும் விழுந்தால் குருவே நம்பிவிடுகிறார். மேனேஜரின் பழைய ஜோக்குக்கு ஆபீஸே சிரிப்பதால் அவர் தன்னை நாகேஷ் என்று நினைத்துக்கொள்வது மாதிரி.

அமெரிக்காவில் ஜார்ஜ் டில்மன் என்ற மாஸ்டரின் தொடாமல் வீழ்த்தும் வித்தையை நேஷனல் ஜியாக்ரஃபிக் டி.வி. சோதித்தது. சொந்த சிஷ்யர்கள் தொப்புத் தொப்பென்று விழுந்தார்கள். வெளியாள் சும்மா நின்றார். காரணம் கேட்டால், நாக்கு வாய்க்குள் தப்பான இடத்தில் இருந்தால் பலிக்காதாம். ஒரு கால் பெருவிரலைத் தூக்கி இன்னொன்றை அழுத்திக்கொண்டாலும் பலிக்காதாம். ஆக, கொலைக்கலைக்கு மாற்று கால் கட்டைவிரலில் இருக்கிறது. ரவுடிகளுக்கு இது தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. 2008 மார்ச்சில் இந்தியா டி.வி.யில் ஒரு தாந்திரீகர், மந்திரத்தாலேயே ஆளைக் கொல்வேன் என்றார். பகுத்தறிவாளர் சனல் எடமருகு, 'என்னைக் கொல்லுங்களேன்' என்று எதிரில் உட்கார்ந்தார். மணிக்கணக்கில் நேரடி ஒளிபரப்பு. எடமருகு சிரித்துக்கொண்டே இருந்தார்.

சீனாவில் வெய் லெய் என்ற தாய்ச்சி மாஸ்டரை அரசு டி.வி.யே காட்டியது. உள்ளங்கையில் புறா, பறக்க முடியாமல் தவிக்கிறது! 2017 ஏப்ரலில் சூ சியாவ்தோங் என்ற சண்டைக்காரர் அவரோடு மோதினார். சுமார் இருபது விநாடி. புறாவுக்கு விடுதலை.

இதில் ஒரு வேடிக்கை. சூ சியாவ்தோங்கும் படுபயங்கர வாயாடிதான். பெரிய பெரிய மாஸ்டர்களை எல்லாம் போலி என்று திட்டியவர். அப்படித் திட்டியதற்காக 2019-ல் ஒரு மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டு நஷ்ட ஈடு கொடுக்கும்படி கோர்ட் தீர்ப்பு. இரண்டு பேரும் சத்தம் போட்டார்கள். ஒருவர் சத்தத்துக்குப் பின்னால் ஆள் இருந்தது. சத்தத்தை வைத்து மட்டும் கண்டுபிடித்திருக்க முடியாது.

* * *

'சார், எங்க மாஸ்டர் ஓடு உடைக்கிறாரே?'

உடைக்கட்டும். 1979-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மூன்று பேர் கராத்தே அடியை அளந்து கட்டுரை எழுதினார்கள். அதில் ஒருவர் ரொனால்ட் மெக்நேர், தானே கறுப்பு பெல்ட்காரர். பின்னால் விண்வெளி வீரராகி 1986-ல் சேலஞ்சர் விபத்தில் இறந்தாரே, அவர்தான். நல்ல பயிற்சி உள்ள கை விநாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் வேகத்தில் வருகிறது. எலும்பு கான்கிரீட்டைவிட எத்தனையோ மடங்கு அழுத்தம் தாங்கும். அதனால் கான்கிரீட் உடைகிறது, கை உடைவதில்லை. நிஜமான திறமைதான், மந்திரம் இல்லை.

ஆனால் அடுக்கி வைத்த ஓடுகளின் நடுவே சின்னச் சின்னக் கட்டைகள் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் மேல் ஓடு உடைந்து அடுத்ததை உடைக்கும். ஒட்டி அடுக்கினால் கதையே வேறு. அப்புறம் முக்கியமான விஷயம், ஓடு திருப்பி அடிக்காது.

இந்த இடத்தில் ஷிஹான் ஹுசைனியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் தலைகாட்டியவர், தமிழ்நாட்டில் கராத்தே என்றால் ரொம்ப நாள் இவர் முகம்தான். 2015-ல் ஜெயலலிதா மறுபடி முதல்வராக வேண்டும் என்று தன்னைச் சிலுவையில் அறைந்துகொண்டார். நாடே வாயைப் பிளந்தது. கேலியும் செய்தது. அந்த ஆணி எதற்குச் சான்று? வலி தாங்கும் நெஞ்சுக்கு. சண்டைக் கலைக்கு அல்ல. அவருடைய கலைக்குச் சான்று வேறு இடத்தில் இருந்தது. பவன் கல்யாண் முதல் பெயர் தெரியாத பையன்கள் வரை அவரிடம் கராத்தே படித்தவர்கள், அவர் தமிழ்நாட்டில் வளர்த்த வில்வித்தை. 2025 மார்ச்சில் அவர் இறந்தபோது வந்து அழுதவர்கள் அந்த மாணவர்கள். வில்லில் ஒரு சௌகரியம், அம்பு எங்கே குத்தி நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

* * *

அடுத்த சான்றிதழ் போதிதர்மர். 'ஏழாம் அறிவு' படம் 2011-ல் வந்ததிலிருந்து எந்த மாஸ்டரும் இவரைக் கூப்பிடாமல் வகுப்பு தொடங்குவதில்லை. 'குங்ஃபூவே நம்மளுது சார்!'

ஆறாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. சரி, நமக்குப் பிடித்ததையே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் ஷாவோலினில் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்ற கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் 'யிஜின் ஜிங்' என்ற உடற்பயிற்சி நூல் 1624-ம் வருஷத்துச் சரக்கு. போதிதர்மருக்கு ஆயிரம் வருஷம் பின்னால். முன்னுரையில் மட்டும் பழைய தேதி போட்டுவிட்டார்கள். இதை 1930-களிலேயே தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் உடைத்துக் காட்டினார்.

இருக்கட்டும். போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரராகவே இருக்கட்டும். அதற்காகக் காஞ்சிபுரம் பஸ் ஏறினவனுக்கெல்லாம் குங்ஃபூ வருமா? பரம்பரை கலைக்குப் பெருமை. வாத்தியாருக்குத் தகுதி அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை வருஷம் எழுந்தார் என்பதுதான். நம் மாஹேக்குப் பக்கத்தில் வடகரையில் மீனாட்சி அம்மா களரி சொல்லிக்கொடுக்கிறார். ஏழு வயதில் தொடங்கியவர். 2017-ல் பத்மஸ்ரீ வந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

* * *

நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஒரு சண்டைக் கலை உண்டு. பெயர் சவாத். காலால் உதைப்பது பிரதானம். 19-ம் நூற்றாண்டில் பாரீஸில் சார்ல் லெகூர் என்ற சவாத்காரர், ஓவன் ஸ்விஃப்ட் என்ற இங்கிலீஷ் பாக்ஸருடன் மோதி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மனுஷன் என்ன செய்தார்? நாக்கு தப்பான இடத்தில் இருந்தது என்று சொல்லவில்லை. நேராகப் போய் பாக்ஸிங் கற்றுக்கொண்டார். காலையும் கையையும் சேர்த்தார். அதுதான் இன்றைய பிரெஞ்சு பாக்ஸிங்.

அந்த வழியில் வந்த சவாத் சாம்பியன் ஜெரார்ட் கோர்டோ, 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியின் ஃபைனல் வரை போனார். அங்கே ஒல்லிப் பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி அவர் கழுத்தை இறுக்கி முடித்தார். அந்த கிரேசியும் 2000-ல் சகுராபா என்ற ஜப்பானியரிடம் தொண்ணூறு நிமிஷம் போராடித் தோற்றார். நிஜமானவர்களின் சரித்திரம் முழுக்கத் தோல்விதான். 'நான் தோத்ததே இல்ல' என்பவர் பெரும்பாலும் மோதியதே இல்லாதவர்.

* * *

சேருவதற்கு முன் மாஸ்டரிடம் பணிவாக நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: 'உங்க ஆசான் யாருங்க? அவரைப் பார்க்கலாமா?' இமயமலையில் இருக்கிறார் என்றால் டிக்கெட் செலவு மிச்சம், திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டு: 'நீங்க தோத்த ஒரு சண்டையைச் சொல்லுங்களேன்.' சிரித்துக்கொண்டே சொன்னால் பாதி பாஸ்.

மூன்று: 'கறுப்பு பெல்ட் எத்தன மாசத்துல?' 1883-ல் ஜூடோவின் கானோ இந்த டான் முறையைத் தொடங்கியபோது முதல் படிக்கு வைத்த பெயருக்கு அர்த்தம் 'ஆரம்பப் படி'. நம் ஊரில் அதை முடிவுப் படியாக்கி ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டோம்.

நாலு: 'வெளியாளுடன் உங்க பசங்க மோதிப் பார்ப்பாங்களா?' சிலம்பம் 2024 கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் செயல்விளக்க ஆட்டமாக இடம்பிடித்தது. தெரியாத ஊர்ப் பையனின் கம்புக்கு எதிரே நிற்கும் மாணவன் இருந்தால் வாத்தியார் நம்பத் தகுந்தவர்.

சிலம்பத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கம்பு நுனியில் சாம்பலோ சாயமோ தடவிக்கொண்டு ஆடுவார்கள். யார் உடம்பில் எத்தனை பொட்டு என்று கடைசியில் எண்ணுவார்கள். அதற்கு மேல் விவாதம் கிடையாது.

கத்தியைப் பிடுங்கும் வித்தை சொல்லித்தரும் மாஸ்டரிடமும் இதையே செய்யுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுவரச் சொல்லுங்கள். மூடி கழற்றிய சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை ஒரு பையனிடம் கொடுத்து, 'சொல்லிட்டுக் குத்தாத, இஷ்டப்படி குத்து' என்று விடுங்கள். அரை நிமிஷம் போதும். சட்டையில் கோடு எண்ணுங்கள். நல்ல மாஸ்டர் சட்டையிலும் கோடு இருக்கும். அவர் அதைக் காட்டி, 'பார்த்தியா? இதுக்குத்தான் சொல்றேன். கத்தியைப் பார்த்தா பர்ஸைக் கொடு, ஓடு' என்பார். அவரிடம் தங்கையைத் தைரியமாகச் சேர்க்கலாம். போலி மாஸ்டர், 'என் வித்தையை இங்க காட்டினா பையன் செத்துடுவான்' என்று பேனாவை வாங்கி மூடி வைப்பார்.

ஓடுவதற்கு யாரும் பெல்ட் தருவதில்லை. நல்ல செருப்பு இருந்தால் போதும்.