என்ஜினுக்குக் காத்திருக்கும் தேஜஸ்

பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலைக்கும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கும் இடையே 2025 நவம்பரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தேஜஸ் போர் விமானங்களுக்காக மேலும் 113 எப்-404 என்ஜின்கள் வாங்குவது பற்றிய ஒப்பந்தம் அது. அதே கம்பெனியிடம் 2021-இல் கேட்ட 99 என்ஜின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு முடியும்வரை வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. தாமதித்தவரிடமே மீண்டும் ஆர்டர் கொடுப்பானேன்? வேறு வழி இல்லை என்பதே பதில்.

விமானப்படை 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்தது. 2024-இல் வரத் தொடங்கியிருக்க வேண்டிய அந்த விமானங்களில் ஒன்றுகூட 2025 முடியும்வரை படையில் சேரவில்லை. இதற்கிடையே மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றன. 42 ஸ்குவாட்ரன்கள் இருக்க வேண்டிய படையில் 29 மட்டுமே மிஞ்சின.

பழி முழுவதையும் அமெரிக்கக் கம்பெனியின் மீது போடுவது நியாயமல்ல. ராடாரையும் ஏவுகணைகளையும் பொருத்திச் சோதிக்கும் வேலையும் இழுத்துக்கொண்டே போயிற்று. 2025 பிப்ரவரியில் எலஹங்கா விமானக் கண்காட்சியின்போது விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங், எச்.ஏ.எல். மீதான தமது அதிருப்தியை மறைக்கவில்லை. ஆனாலும் உடல் தயாராகி, என்ஜின் இல்லாமல் ஒரு விமானம் நிற்கும் நிலைக்குத் தொழிலாளி பொறுப்பாக மாட்டான்.

பெங்களூருக்கு இது புதிய கதையும் அல்ல. 1940 டிசம்பரில் மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவுடன் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய தொழிற்சாலை இது. ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் இங்கே வந்து வரைந்த மாருத் ஜெட் விமானம் 1961 ஜூனில் பறந்தது. ஒலியைப்போல் இரு மடங்கு வேகம் என்பது திட்டம். அதற்கேற்ற பிரிட்டிஷ் என்ஜினை உருவாக்கும் செலவில் பங்கேற்க இந்தியா முன்வரவில்லை. எகிப்தின் என்ஜினைப் பொருத்திப் பார்த்ததும் பலிக்கவில்லை. குறைந்த சக்தியுள்ள ஆர்பியஸ் என்ஜினுடனேயே 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1971 யுத்தத்தில் ராஜஸ்தான் முனையில் அவை நன்றாகவே போரிட்டன. எனினும் நினைத்த வேகம் கடைசிவரை கிட்டவில்லை. என்ஜின் விசையைக் கூட்டித் தயாரித்த மாருத் மாதிரி விமானம் 1970 ஜனவரியில் விழுந்து நொறுங்கியதில் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து எச்.ஏ.எல். பக்கம் போகும் சாலைக்கு அவர் பெயர்தான்.

சொந்த என்ஜினுக்கு முயற்சி நடக்காமல் இல்லை. சி.வி.ராமன் நகரிலுள்ள ஜி.டி.ஆர்.இ. ஆய்வுக்கூடத்தில் 1989-இல் காவிரி என்ஜின் திட்டம் தொடங்கியது. (காவிரி என்றதும் இவ்வூர்த் தமிழர்களுக்கு வேறு ஞாபகம் வரும், இது அந்தக் காவிரி அல்ல.) என்ஜினின் டர்பைன் தகடுகள், தாம் ஆக்கப்பட்ட உலோகமே உருகிவிடும் சூட்டுக்கு நடுவே சுழல வேண்டும். அந்தத் தகடுகளை வார்ப்பதும் குளிர வைப்பதும் ஒருசில நாடுகளுக்கே கைவந்த ரகசியம். காவிரியின் விசை தேஜசுக்குப் போதவில்லை. 2008-இல் இரண்டும் பிரிக்கப்பட்டன.

இந்த இடத்தில் ஸ்வீடனைக் கவனிக்க வேண்டும். பெங்களூரைவிட ஜனத்தொகை குறைந்த நாடு அது. அதன் கிரிப்பன் போர் விமானம் 1988-இல் முதலில் பறந்தது. அதிலிருந்ததும் இதே எப்-404 வகைதான். ஆனால் ஸ்வீடன் வெறுமனே வாங்கிப் பொருத்தவில்லை. வால்வோ கம்பெனி ஜெனரல் எலெக்ட்ரிக்குடன் கூட்டுச் சேர்ந்து, தன் தேவைக்கு ஏற்ப மாற்றி, ட்ரோல்ஹெட்டன் நகரில் தயாரித்தது. 1930 முதல் அங்கே விமான என்ஜின் வேலை விடாமல் நடந்து வந்ததே அதற்குக் காரணம். பெங்களூரிலும் 1957 முதல் என்ஜின் தொழிற்சாலை உண்டு. அங்கே லைசென்சுப்படி செய்து கொடுத்தார்கள். மாற்றி அமைக்கும் உரிமையோ, அதற்கான பணமோ கிடைத்ததில்லை.

எனவே 113 என்ற எண்ணைவிட முக்கியமானது, அடுத்து வரவேண்டிய எப்-414 என்ஜின் பேச்சுவார்த்தை. அதை இந்தியாவிலேயே தயாரிப்பதற்கு 2023 ஜூனில் புரிந்துணர்வு கையெழுத்தாயிற்று. டர்பைன் தகடு வார்க்கும் முறையும் அதில் சேருமா, அல்லது பாகங்களை இறக்கி முடுக்கும் வேலை மட்டுமா என்பதைப் பொறுத்தே எச்.ஏ.எல். தொழிலாளிக்கும் பீன்யா பட்டறைக்காரருக்கும் கிடைக்கும் வேலை அமையும். 113 என்ஜின்களோ 2027 முதல் 2032 வரை தவணை தவணையாக வரவேண்டும்.