படத்தில் இல்லாத குடியானவன்

1792-ல் திப்பு தோற்றதும் அவர் பிள்ளைகள் இருவரைக் காரன்வாலிஸ் பிரபு பிணையாக வாங்கிக்கொண்டார். பட்டாளத்தோடு வந்திருந்த ராபர்ட் ஹோம் என்னும் சித்திரக்காரர் அதைப் படமாக எழுதினார். படத்திலே பிரபு, தகப்பனைப்போல் சிறுவன் கையைப் பிடித்து நிற்கின்றார். ஆஹா, என்ன கருணை!

தோழர்களே! அதே உடன்படிக்கையில்தான் திப்பு மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயும் பாதி ராஜ்யமும் கொடுக்க ஒப்பினார். அந்தப் பாதியில் நமது தர்மபுரி அடங்கிய பாராமகால் கம்பெனியார் கைக்குப் போயிற்று. மாடு விற்பவனாவது பல்லைப் பிடித்துக் காட்டுவான். நம் குடிகளை ஒரு வார்த்தை கேட்டவருண்டா?

பிணையாய்ப்போன பிள்ளைகள் 1794-ல் தகப்பனிடம் திரும்பினார்கள். கைமாறிய குடியானவன் யாரிடம் திரும்புவான்? அவனுக்குப் படமுமில்லை, பெயருமில்லை. ராஜா படத்துக்குச் சாம்பிராணி காட்டுகின்றவர்களே, அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் உங்கள் பாட்டன் எங்கே?