துணைக்காலை வெட்டும் கருவி

அச்சுப்படியில் ஓர் ஒற்று விடுபட்டால் வாரக்கணக்கில் வழக்காடும் நாம், இணையத்தில் பதிப்பிக்கும் மென்பொருளைச் சோதிப்பது நிரலாளர் பாடு என்று ஒதுங்கிவிடுகிறோம். இந்த ஒதுக்கம் தமிழுக்குக் கேடு. வேர்ட்பிரஸைப் பாருங்கள். 'தொல்காப்பியம் எழுத்ததிகாரம்' என்று தலைப்பிட்டால், தானாக உருவாகும் பக்க முகவரி 'எழுத்ததிக' என்பதோடு முறிந்துவிடுகிறது. முகவரியில் தலைப்புக்கு 200 இடம். ஆங்கில எழுத்துக்கு ஓரிடம் போதும். நம் துணைக்காலும் புள்ளியும்கூடத் தனிக்குறிகளாக எண்ணப்பட்டு, குறி ஒன்றுக்கு 9 இடம் பிடிக்கின்றன. ஆங்கிலத் தலைப்பை மட்டும் ஊட்டும் சோதனைக்கு இக்குறை என்றும் தென்படாது.

தன்னியக்கச் சோதனை மந்திரமன்று. இத்தலைப்பைக் கொடு, இன்ன விடை வரவேண்டும், வராவிடில் பிழையென்று சொல் என பிஎச்பியூனிட்டில் எழுதிவைக்கும் சில வரிகள், அவ்வளவே. நிரலில் யார் கைவைத்தாலும் அவ்வரிகளை மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். மெய்ப்புத் திருத்துவோர்போல் அவை அயர்வதில்லை. வேர்ட்பிரஸின் மூலநிரலும் எவர்க்கும் திறந்தே கிடக்கிறது. ஆனால் எது சரியான விடை, எங்கே வெட்டினால் எழுத்துச் சிதையும் என்பதை எழுத்திலக்கணம் கற்றவரன்றோ சொல்ல வேண்டும்? அதைச் சொல்ல முன்வராத நமக்கு, கணினியில் தமிழ் சிதைகிறதென்று மேடைதோறும் புலம்ப உரிமை ஏது?