வேலியில்லாத நீர்

பிள்ளைச்சாவடியில் சிறு பிள்ளையைத் தனியே கடலுக்கு அனுப்ப எந்தத் தாயும் துணியமாட்டாள். ஆனால், கொல்லைப்புறக் கிணறும், தரைமட்டத் தொட்டியும், வசதியுள்ளோர் வீட்டு நீச்சல் குளமும் நமக்கு ஆபத்தாகத் தோன்றுவதில்லை. தவழும் குழந்தைக்கோ ஒரு சாண் நீரும் கடலே. அது மூழ்கும்போது பெரும்பாலும் கூக்குரல் எழுவதில்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

நம்மவர் பலர் குடியேறியுள்ள பிரான்சு நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், தரைக்குள் அமைந்த வீட்டு நீச்சல் குளங்களுக்கு வேலி, எச்சரிக்கை மணி, மூடி, கூண்டு ஆகியவற்றுள் ஒன்றேனும் வேண்டுமெனக் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டிலும் 2010இல் உச்ச நீதிமன்றம், ஆழ்துளைக் கிணறு தோண்டுமிடத்தைச் சுற்றி வேலியிடவும், கைவிட்டதை நிரப்பவும் பணித்தது. ஆயினும் 2019 அக்டோபரில், மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையைப் பறிகொடுத்தோம். சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. வேலி நிலத்தில் நிற்க வேண்டும்.

அவ்வேலி நான்கு புறமும் சூழ்ந்திருக்கட்டும். வீட்டுச் சுவரையே ஒரு புறமாகக் கொண்டால், வீட்டுக் கதவே குழந்தைக்கு வழியாகிவிடும். உயரம் நான்கு அடிக்குக் குறையலாகாது. கம்பிகள் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் இருத்தல் வேண்டும். குறுக்குக் கம்பி குழந்தைக்கு ஏணியாகும். கதவு தானே சாத்தித் தாழிட்டுக்கொள்வதாயும், வெளிப்புறமாகத் திறப்பதாயும் இருத்தல் நலம். அருகில் நாற்காலியோ வாளியோ வைக்கலாகாது.

பெற்றோரே, வேலி தாயின் கண்ணுக்கு மாற்றன்று. அந்தக் கண் ஒரு நொடி அயரும்போது அதற்குத் துணை. இன்றே உங்கள் கொல்லையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.